சிவப்புத் திரை வந்தால் முதலில் செவுளைத் தூக்கிப் பாருங்கள்

கேள்வி: மண்டபத்தில் நானும் என் நாத்தனாரும் கருவாடு, மாசி, முண்டு மிளகாய், கருப்பட்டி எல்லாம் வெப்சைட் வழியாக விற்கிறோம். என் மகன்தான் வேர்ட்பிரஸ் என்ற தளம் செய்யும் மென்பொருளில் செய்து கொடுத்தான். மூன்று வாரமாகத் துபாயிலும் சென்னையிலும் இருக்கும் வாடிக்கையாளர்கள், தளத்தைத் திறந்தால் 'ஆபத்தான தளம்' என்று சிவப்பாக வருகிறது என்கிறார்கள். பல ஆன்டிவைரஸ் நிறுவனங்களின் முடிவை ஒரே இடத்தில் காட்டும் வைரஸ்டோட்டலில் போட்டுப் பார்த்தோம். ஐந்து நிறுவனங்கள் கெட்டது என்கின்றன, மற்றதெல்லாம் நல்லது என்கின்றன. தளத்தைத் தன் சர்வரில் வைத்திருக்கும் ஹோஸ்டிங் நிறுவனம் 'எங்கள் பக்கம் ஒன்றும் இல்லை' என்று கை விரித்துவிட்டது. போனில் பேசிய ஒருவர் 15,000 ரூபாய் கொடுத்தால் எல்லா இடத்திலும் பெயரை எடுத்துத் தருகிறேன் என்கிறார். நாங்கள் ஒரு தப்பும் செய்யவில்லை. இப்போதைக்கு வாடிக்கையாளர்களிடம் 'பரவாயில்லை, உள்ளே போங்கள்' என்று அழுத்தச் சொல்கிறோம். போன மாதம்தான் மகன் ஆர்டர் எடுக்க ஒரு ஆப் செய்து, தளத்திலேயே இறக்கிக்கொள்ளும்படி வைத்தான். அதற்கும் ஆள் வரவில்லை. மீன்பிடித் தடைக்காலம் வரப்போகிறது, எங்களுக்கு அதுதான் வியாபாரக் காலம். பேசாமல் வேறு பெயரில் புதுத் தளம் தொடங்கிவிடலாமா?
வாசகி, மண்டபம்

அன்புள்ள சகோதரி,

எல்லாவற்றுக்கும் முன்னால் ஒன்றை இன்றே நிறுத்துங்கள். 'பரவாயில்லை, உள்ளே போங்கள்' என்று யாரிடமும் சொல்லாதீர்கள். உங்கள் தளம் துடைத்து வைத்த மாதிரி சுத்தமாகவே இருந்தாலும் சொல்லக் கூடாது. இன்று உங்களை நம்பிச் சிவப்புத் திரையைத் தாண்டி வருகிற அதே கை, நாளைக்கு வங்கி பெயரில் வருகிற திருட்டுப் பக்கத்திலும் அதே பொத்தானைத்தான் அழுத்தும். துபாயில் ஒரு அறையில் நாலு பேரோடு தங்கி, மாதாமாதம் ஊருக்குப் பணம் அனுப்புகிறவர் உங்கள் வாடிக்கையாளர். அவருக்கு அந்தப் பழக்கம் நம்மால் வரக் கூடாது. தளம் சரியாகும் வரை ஆர்டரை வாட்ஸ்அப்பில் வாங்கிக்கொள்ளுங்கள். விலைப்பட்டியலைப் படமாக அனுப்புங்கள், போதும்.

புதுப் பெயரில் தளம் வேண்டவே வேண்டாம். ஆன்டிவைரஸ் நிறுவனங்கள் புதிதாகப் பதிவான டொமைனைத்தான் (தளத்தின் முகவரிப் பெயரைத்தான்) அதிகம் சந்தேகிக்கின்றன, ஏனென்றால் ஏமாற்றுக்காரர்கள் தினமும் புதுப் பெயர் வாங்கித்தான் தொழில் செய்கிறார்கள். அதுவுமில்லாமல், சிக்கலுக்குக் காரணமான கோப்பையும் சேர்த்துப் புதுத் தளத்துக்கு மாற்றினால் பத்து நாளில் அதுவும் சிவப்பாகும். பாக்கெட்டில் ஒட்டிய லேபிள், கியூஆர் கோடு, பழைய ஆட்கள் மனதில் பதிந்த பெயர் எல்லாம் வீணாகப் போகும்.

அந்த 15,000 ரூபாயும் வேண்டாம். பெயரை நீக்கக் கேட்பதற்கு கூகுளோ மைக்ரோசாஃப்டோ ஆன்டிவைரஸ் நிறுவனங்களோ ஒரு பைசா வாங்குவதில்லை. அந்த மனிதர் நிரப்பப் போகிற படிவத்தை உங்கள் மகனே நிரப்பலாம். தளத்துக்குள் நிஜமாகவே கெட்ட கோப்பு இருந்து, அதைத் தேடி எடுத்துச் சுத்தம் செய்ய ஒருவருக்குக் கூலி கொடுத்தால் அது நியாயம். 'எல்லா லிஸ்டிலிருந்தும் தூக்கிவிடுகிறேன்' என்கிற வாக்குறுதிக்குக் கொடுப்பது நியாயமில்லை. அவர் ஹோஸ்டிங் பாஸ்வேர்டைக் கேட்டிருந்து, நீங்களும் கொடுத்திருந்தால், இதைப் படித்து முடிப்பதற்குள் மாற்றிவிடுங்கள்.

சரி, விஷயத்துக்கு வருவோம். 'நாங்கள் ஒரு தப்பும் செய்யவில்லை' என்று எழுதியிருக்கிறீர்கள். நான் நம்புகிறேன். ஆனால் நீங்கள் தப்பு செய்யவில்லை என்பது வேறு, தளத்தில் தப்பு இல்லை என்பது வேறு. ஏலக் கூடத்தில் மீனை வாங்குகிறவர் விற்கிறவரின் முகத்தையா பார்க்கிறார்? செவுளைத் தூக்கி, சிவப்பாக இருக்கிறதா என்று பார்க்கிறார். மேல்முறையீட்டுக்குப் போகும் முன் உங்கள் தளத்தின் செவுளை நீங்களே தூக்கிப் பார்த்தாக வேண்டும். 'தவறாகப் பிடித்துவிட்டார்கள்' என்று என்னிடம் வருகிற பலருடைய தளத்தில், தேடினால் உள்ளே ஏதாவது ஒன்று உட்கார்ந்திருக்கிறது.

ராமேஸ்வரத்தில் ஒரு தங்கும் விடுதிக்காரர் இப்படித்தான் என்னைக் கூப்பிட்டார். அவருடைய மேஜையில் லேப்டாப்பைத் திறந்து முகவரியைத் தட்டினேன், தளம் அழகாக வந்தது. 'பார்த்தீர்களா?' என்றார். அப்புறம் என் போனில் வைஃபையை அணைத்து, மொபைல் டேட்டாவில் கூகுளில் விடுதியின் பெயரைத் தேடி, வந்த இணைப்பைத் தொட்டேன். ஒரு நொடி விடுதியின் படம் தெரிந்தது. அடுத்த நொடி 'உங்களுக்குப் பரிசு விழுந்திருக்கிறது' என்று வேறு ஏதோ பக்கம் வந்து நின்றது. திரும்ப முயன்றபோது ஒன்றும் நடக்கவில்லை, விடுதியின் பக்கம்தான் வந்தது. உள்ளே புகுந்திருந்த நிரல், கூகுள் வழியாகப் போனில் வருகிறவரை மட்டும், அதுவும் ஒரு இணைய இணைப்புக்கு ஒரே ஒரு முறை, திசை திருப்பிக்கொண்டிருந்தது. நிர்வாகியாக உள்ளே நுழைந்திருக்கும் உரிமையாளருக்கு அது கண்ணில் படவே படாது. ஆன்டிவைரஸ் சொன்னதுதான் சரியாக இருந்தது.

இந்தச் சோதனையை நீங்களும் செய்யுங்கள். நாலைந்து பேருடைய போனில், அவரவர் மொபைல் டேட்டாவில், பழைய பதிவுகள் எதையும் பயன்படுத்தாத இன்காக்னிட்டோ பக்கத்தில், தேடல் வழியாகவே உள்ளே போய்ப் பாருங்கள். அப்புறம் மகனை வேர்ட்பிரஸ் உள்ளே பார்க்கச் சொல்லுங்கள். நிர்வாகிகள் பட்டியலில் தெரியாத பெயர் இருக்கிறதா? படங்கள் சேரும் அப்லோட்ஸ் ஃபோல்டரில் பிஹெச்பி என்ற நிரல் கோப்புகள் இருக்கின்றனவா? அங்கே படங்கள் இருக்க வேண்டும், நிரல் இருக்கக் கூடாது. ஒன்றுமில்லாத வெற்று இன்டெக்ஸ் கோப்பைச் சில பிளகின்கள் (கூடுதல் வசதிக்காகச் சேர்க்கும் துணை நிரல்கள்) வைப்பதுண்டு, அதைத் திறந்து பார்த்தாலே வெறுமை தெரியும். வேர்ட்ஃபென்ஸ் மாதிரி ஒரு பிளகின் போட்டால், வேர்ட்பிரஸின் அசல் கோப்புகளோடு உங்கள் கோப்புகளை ஒப்பிட்டு, மாறியிருப்பதைக் காட்டும். காசு கொடுத்து வாங்க வேண்டிய தீம் (தளத்தின் தோற்ற வடிவம்) எதையாவது எங்கிருந்தோ இலவசமாக இறக்கிப் போட்டிருந்தால், வேறு எதையும் தேட வேண்டாம், முதல் சந்தேகம் அதன்மேல்தான்.

வெளியிலிருந்து கூப்பிடும் ஸ்கிரிப்ட்களையும் பாருங்கள். பாலிஃபில் டாட் ஐஓ என்ற முகவரியிலிருந்து ஒரு சின்ன ஜாவாஸ்கிரிப்டை உலகம் முழுக்கப் பல தளங்கள் நம்பிக்கையோடு எடுத்துப் பயன்படுத்தின. 2024 பிப்ரவரியில் அந்த டொமைன் கைமாறியது. ஜூன் மாதம் பார்த்தால், அதே முகவரி போனில் வருகிறவர்களை வேறு தளங்களுக்குத் தள்ளிவிட்டுக்கொண்டிருந்தது. 1 லட்சத்துக்கும் மேற்பட்ட தளங்கள் அதைக் கூப்பிட்டுக்கொண்டிருந்தன. அந்தத் தளங்களின் உரிமையாளர்கள் ஒரு வரியைக்கூட மாற்றவில்லை. அந்தப் பெயர் உங்கள் தீமில் இருந்தால் எடுத்துவிடுங்கள்.

இனி, உங்கள் கடிதத்தில் போகிற போக்கில் எழுதிய ஒரு வரி. போன மாதம் ஆப் வைத்தோம் என்கிறீர்கள், மூன்று வாரமாகச் சிவப்பு வருகிறது என்கிறீர்கள். என் சந்தேகமெல்லாம் அந்த ஆப்பின்மேல்தான். பிளே ஸ்டோர் வழியாக இல்லாமல் ஏபிகே என்ற ஆண்ட்ராய்டு ஆப் கோப்பைத் தளத்திலிருந்து நேராக இறக்கச் சொல்வது, மோசடிக்காரர்கள் செய்கிற அதே வேலை. அதிலும் இலவசமாக ஆப் செய்துதரும் தளங்களில் செய்திருந்தால், அவர்கள் தங்கள் விளம்பர நிரலையும் உள்ளே சேர்த்துவிடுவார்கள். ஆப் எஸ்எம்எஸ்ஸைப் படிக்கவோ தொடர்பு எண்களை எடுக்கவோ அனுமதி கேட்டால் சந்தேகம் இன்னும் கூடும். கோப்பு சந்தேகத்துக்குரியது என்றால், அதை வைத்திருக்கும் முகவரி சந்தேகத்துக்குரியது, அப்புறம் டொமைன் முழுவதும். உங்கள் மகன் எந்தக் கெட்ட எண்ணத்தோடும் செய்யவில்லை. கருவாடு எவ்வளவு நல்லதாக இருந்தாலும், எதற்கோ பயன்பட்ட பழைய சாக்கில் கட்டி அனுப்பினால் வாங்குகிறவர் மூக்கைச் சுளிக்கத்தானே செய்வார்?

அந்த ஏபிகேயைத் தனியாக வைரஸ்டோட்டலில் போட்டுப் பாருங்கள். நாலைந்து நிறுவனங்கள் அதை ஆட்வேர் (விளம்பர நிரல்) என்றோ வேறு ஏதோ பெயரிலோ பிடித்தால் விடை கிடைத்துவிட்டது. கோப்பை சர்வரிலிருந்தே அழியுங்கள். பலர் தளத்தில் இருக்கும் பொத்தானை மட்டும் எடுத்துவிட்டு, கோப்பை அங்கேயே விட்டுவிடுகிறார்கள். பழைய முகவரியைத் தட்டினால் 404, அதாவது 'பக்கம் இல்லை' என்று வர வேண்டும், அதுவரை வேலை முடியவில்லை. இன்னொன்று: வைரஸ்டோட்டலில் நாம் போடும் கோப்புகள் பாதுகாப்பு நிறுவனங்களுக்கும் ஆய்வாளர்களுக்கும் போகும். வாடிக்கையாளர்களின் முகவரியும் எண்ணும் உள்ள ஆர்டர் பட்டியலை, பேக்கப்பை அங்கே போட்டுவிடாதீர்கள்.

உள்ளே எதுவுமே இல்லை என்றால், அப்போதுதான் அது தவறான பிடிப்பு. அதற்கும் காரணம் உண்டு. மலிவான ஹோஸ்டிங்கில் ஒரே ஐபி முகவரியில் (சர்வரின் எண் முகவரியில்) நூற்றுக்கணக்கான தளங்கள் இருக்கும். பக்கத்தில் ஒன்று கெட்டால் அந்த ஐபிக்கே கெட்ட பெயர். அப்படி என்றால் வேறு சர்வருக்கு மாற்றித்தரச் சொல்லி ஹோஸ்டிங்காரரிடம் உரிமையோடு கேளுங்கள். சில நேரம் நீங்கள் வாங்கிய டொமைன் பெயர் முன்பு வேறு யாரிடமோ இருந்து கெட்டிருக்கும். பழைய இணையப் பக்கங்களைச் சேமித்து வைக்கும் வேபேக் மெஷினில் தட்டினால் உங்களுக்கு முன்னால் அங்கே என்ன கடை நடந்தது என்று தெரியும். வேகத்துக்காக ஜாவாஸ்கிரிப்டைச் சுருக்கி, படிக்க முடியாதபடி ஆக்கும் பிளகின்களும் மாட்டிவிடும்.

வெறும் பிழையும் நடக்கும். 2009 ஜனவரி 31 அன்று கூகுளில் ஆபத்தான முகவரிகளின் பட்டியலில், ஒரு பணியாளரின் கைத்தவறால், வெறும் சாய்கோடு ஒன்று சேர்ந்துவிட்டது. எல்லா இணைய முகவரியிலும் சாய்கோடு உண்டு என்பதால், தேடலில் வந்த அத்தனை தளங்களும் 'உங்கள் கணினிக்குத் தீங்கு செய்யலாம்' என்ற எச்சரிக்கையோடு வந்தன. ஒரு மணி நேரத்துக்குள் சரிசெய்துவிட்டார்கள். அவ்வளவு பெரிய இடத்திலேயே நடந்திருக்கிறது, அதனால் பட்டியலில் பெயர் வந்ததற்காக நீங்கள் கூனிக் குறுக வேண்டாம்.

அடுத்து, யார் தடுக்கிறார்கள் என்று கண்டுபிடிக்க வேண்டும். வைரஸ்டோட்டல் யாரையும் தடுப்பதில்லை. 2004ல் ஸ்பெயினில் தொடங்கி, 2012ல் கூகுள் வாங்கிய சேவை அது. 70க்கும் மேற்பட்ட ஆன்டிவைரஸ், தடைப்பட்டியல் நிறுவனங்கள் என்ன சொல்கின்றன என்று ஒரே இடத்தில் காட்டும் அறிவிப்புப் பலகை. அங்கே போய் 'என் பெயரை எடு' என்றால் நடக்காது, ஒவ்வொரு நிறுவனத்திடமும்தான் கேட்க வேண்டும். தவறான பிடிப்பைச் சொல்ல எந்த நிறுவனத்தை எப்படி அணுகுவது என்ற பட்டியலை வைரஸ்டோட்டலே வைத்திருக்கிறது, மகன் அதை எடுத்துக்கொள்ளட்டும்.

ஐந்து என்றதும் ஐந்து வேலை என்று மலைக்க வேண்டாம். பிட்டிஃபெண்டரின் இன்ஜினை ஜி டேட்டாவும் பயன்படுத்துகிறது. அவாஸ்டும் ஏவிஜியும் ஒரே வீடு. மூலத்தில் சரியானால் வாங்கிப் பயன்படுத்துகிறவர்களிடமும் தானாகச் சரியாகலாம். அதனால் ஐந்து பெயரையும் எழுதி, யார் யாரோடு ஒட்டியவர் என்று பார்த்துவிட்டு ஆரம்பியுங்கள்.

வாடிக்கையாளர்களிடம் ஸ்கிரீன்ஷாட் கேளுங்கள். மேலே முகவரியும் எச்சரிக்கை முழுவதும் தெரிய வேண்டும். ஆன்டிவைரஸின் பெயர் அதில் இருந்தால் அவர்களிடம் போக வேண்டும். எட்ஜ் பிரவுசர் என்றால் மைக்ரோசாஃப்டின் ஸ்மார்ட்ஸ்கிரீன். அந்த எச்சரிக்கைப் பக்கத்திலேயே 'மேலும் தகவல்' என்று விரிப்பதற்குள், தளம் பாதுகாப்பானது என்று புகார் செய்ய வழி இருக்கும். குரோம், ஃபயர்ஃபாக்ஸ், சஃபாரி மூன்றிலும் பக்கம் முழுக்கச் சிவப்பாக வந்தால் பெரும்பாலும் அது சேஃப் பிரவுசிங் என்ற கூகுளின் ஆபத்தான தளங்கள் பட்டியல். இதைத்தான் முதலில் தீர்க்க வேண்டும், ஒரு இடத்தில் எடுத்தால் மூன்று பிரவுசரிலும் விடுதலை. கூகுளின் டிரான்ஸ்பரன்சி ரிப்போர்ட்டில் உங்கள் முகவரியைத் தட்டினால் அவர்கள் பட்டியலில் இருக்கிறீர்களா என்று தெரிந்துவிடும்.

இருந்தால், தள உரிமையாளர்களுக்காகக் கூகுள் வைத்திருக்கும் சர்ச் கன்சோலில் தளம் உங்களுடையது என்று உறுதிசெய்து, 'பாதுகாப்புச் சிக்கல்கள்' பகுதிக்குப் போங்கள். எந்தப் பக்கத்தில் என்ன பிடித்தார்கள் என்று மாதிரி முகவரிகளோடு சொல்லியிருப்பார்கள். சரிசெய்த பிறகு மறுபரிசீலனை கேட்கும் பொத்தான் அங்கேயே இருக்கும். சரிசெய்யாமல் அதை அழுத்தாதீர்கள். சுத்தமானதாகக் காட்டி விடுபட்டு, மறுபடி மறுபடி கெட்டது வைக்கும் தளங்களுக்கு 30 நாள் மறுபரிசீலனையே கேட்க முடியாதபடி அடைக்கும் விதியை 2016ல் கூகுள் கொண்டுவந்தது. தடைக்காலம் ஏப்ரல் 15 முதல் ஜூன் 14 வரை 61 நாள். அதில் பாதியை அப்படி இழக்கக் கூடாது.

பிறகு மற்றவர்கள். பட்டியலில் இருக்கும் எல்லாருக்கும் ஒரே மதிப்பு கிடையாது. உங்கள் வாடிக்கையாளர் கணினியில் யார் இருக்கிறார்களோ அவர்கள் முன்னால். நம் ஊர்ப் பக்கம் புனேயின் குவிக் ஹீல் நிறைய கணினிகளில் இருக்கும். புது லேப்டாப்போடு மெக்காஃபியோ நார்ட்டனோ வந்திருக்கும். வளைகுடாவில் அலுவலக இணைப்பில் பார்க்கிறவருக்கு அங்குள்ள ஃபயர்வால் (இணைப்புக்குக் காவல் நிற்கும் கருவி) தடுக்கலாம், ஃபோர்ட்டினெட் மாதிரி. யாருமே கேள்விப்படாத ஒரு நிறுவனம் வைரஸ்டோட்டலில் மட்டும் சிவப்பு காட்டினால், அதற்கு ஒரு மின்னஞ்சல் போட்டுவிட்டு உங்கள் வேலையைப் பாருங்கள்.

எழுதும் கடிதம் சின்னதாக இருக்கட்டும். 'நாங்கள் ஏழைகள், குடும்பமே இதை நம்பி இருக்கிறது' என்பது எனக்குப் புரிகிறது, மனதைத் தொடுகிறது. ஆனால் அந்தப் பக்கம் படிக்கிறவர் ஒரு நாளைக்கு எத்தனையோ முகவரிகளைச் சோதிக்கிற ஆய்வாளர். அவருக்கு வேண்டியது ஆதாரம். உங்கள் விஷயத்தில் இப்படி இருந்தால் போதும்:

'இது மண்டபத்திலிருந்து கருவாடும் மிளகாயும் விற்கும் சிறு கடையின் தளம், உரிமையாளர் நான். இந்தத் தேதியிலிருந்து உங்கள் நிறுவனம் இதை ஆபத்தானது என்று காட்டுகிறது. தளத்தில் ஒரு ஏபிகே கோப்பு இருந்தது, அதில் விளம்பர நிரல் இருந்ததைக் கண்டோம். இந்தத் தேதியில் சர்வரிலிருந்து அழித்துவிட்டோம், முகவரி இப்போது 404 தருகிறது. வேர்ட்பிரஸ் கோப்புகளை அசலோடு ஒப்பிட்டோம், மாற்றம் இல்லை. எல்லா பாஸ்வேர்டும் மாற்றியாயிற்று. மறுபடி சோதித்து வகையை மாற்றக் கேட்டுக்கொள்கிறேன்.'

எதைச் செய்தீர்களோ அதை மட்டும் எழுதுங்கள். ஏபிகேயில் ஒன்றும் இல்லை என்றால் அந்த வரி வேண்டாம். மகன் இதை எளிய ஆங்கிலத்தில் போட்டு, எச்சரிக்கையின் ஸ்கிரீன்ஷாட்டையும் வைரஸ்டோட்டல் முடிவின் இணைப்பையும் சேர்த்து அனுப்பட்டும். சிலர் தளத்தில் ஒரு சின்னக் கோப்பை வைத்து உரிமையைக் காட்டச் சொல்வார்கள், அதில் பயப்பட ஒன்றுமில்லை. உங்கள் டொமைனிலிருந்து போகும் மின்னஞ்சலே ஸ்பேமில் விழக்கூடும், அதனால் பதில் பெற ஒரு ஜிமெயில் முகவரியும் கொடுங்கள்.

சிலர் ஒரே நாளில் நீக்குவார்கள், சிலர் ஒரு வாரத்துக்கு மேலும் எடுப்பார்கள். ஒரு வாரம் கழித்தும் பதில் இல்லையென்றால், முதலில் கொடுத்த புகார் எண்ணைக் குறிப்பிட்டு மறுபடி எழுதுங்கள். தினம் ஒரு பெயரில் புதுப் புகார் போடாதீர்கள், அது நல்ல தளத்தின் லட்சணம் அல்ல. நீக்கிவிட்டோம் என்று பதில் வந்த பிறகும் வைரஸ்டோட்டல் பழைய முடிவையே காட்டும். மேலே இருக்கும் மறுசோதனைப் பொத்தானை அழுத்தினால்தான் புது நிலவரம் வரும். வாடிக்கையாளரின் கணினியிலும் ஆன்டிவைரஸ் அப்டேட் ஆக வேண்டும்.

தேடும்போது ஆப் அல்லாமல் வேறு கெட்ட நிரல் உள்ளே கிடைத்தால், வாடிக்கையாளர்களுக்கு அதை மறைக்காமல் சொல்லுங்கள். எந்தத் தேதியிலிருந்து எந்தத் தேதி வரை என்று தெரிந்தால் அதையும் சேர்த்து வாட்ஸ்அப்பில் நாலு வரி போட்டால் போதும். ஆப்பை இறக்கியவர்கள் ஒன்றிரண்டு பேர் இருந்தாலும் அவர்களைக் கூப்பிட்டு நீக்கச் சொல்லுங்கள்.

ஆப் உங்களுக்குத் தேவையா என்றும் மகனோடு உட்கார்ந்து யோசியுங்கள். என்னைக் கேட்டால் வேண்டாம். போனில் சீக்கிரம் திறக்கிற ஒரு பக்கம், நெத்திலியும் மாசியும் முண்டு மிளகாயும் தெளிவான படத்தோடு, கீழே வாட்ஸ்அப் பொத்தான். கீழக்கரையிலிருந்து துபாய் போனவருக்கு வேண்டியது அவ்வளவுதான். வேண்டும் என்றே முடிவெடுத்தால் பிளே ஸ்டோர் வழியாகப் போடுங்கள். டெவலப்பர் கணக்குக்கு ஒரே தடவை 25 டாலர் கட்ட வேண்டும்.

இன்று இரவே அந்த ஏபிகேயை வைரஸ்டோட்டலில் போட்டு, அந்த ஐந்து நிறுவனங்களின் பெயரையும், வாடிக்கையாளர் அனுப்பும் ஸ்கிரீன்ஷாட்டையும் எனக்கு அனுப்புங்கள். யாருக்கு முதலில் எழுதுவது என்று சேர்ந்து பார்ப்போம்.